நால்வருக்கு எதிரே ஒருவர்

1976-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி, தில்லியில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஒன்று தீர்ப்பு வழங்கியது. அமர்வில் ஐந்து நீதிபதிகள் இருந்தனர். அவர்களுள் ஏ.என். ரே அப்போதே தலைமை நீதிபதி. எம்.எச். பேக், ஒய்.வி. சந்திரசூட், பி.என். பகவதி ஆகிய மூவரும் பின்னர் ஒருவர் பின் ஒருவராக அந்தப் பதவியில் அமர்ந்தனர். ரேக்கு அடுத்தபடியாகப் பணி மூப்பில் இருந்த ஐந்தாமவர் மட்டும் கடைசிவரை தலைமை நீதிபதி ஆகவில்லை. அவர் ஹன்ஸ் ராஜ் கன்னா.

அன்று தீர்ப்பு நான்குக்கு ஒன்று என்று பிரிந்தது. நெருக்கடி நிலை நடைமுறையில் இருக்கும்வரை, விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்ட எவரும் தம்மை அடைத்தது சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தைக் கேட்க முடியாது என நால்வர் கூறினர். கேட்க முடியும் என்று கன்னா ஒருவர் மட்டும் கூறினார். அந்த ஒருவரின் கருத்தால் அன்று ஒரு கைதியும் விடுதலை ஆகவில்லை. ஆயினும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னர், அந்தத் தீர்ப்பில் மதிப்போடு வாசிக்கப்படும் பகுதி அது ஒன்றுதான்.

ஊரே ஒரு பக்கம் சாயும்போது தனித்து நிற்கும் துணிவு ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது? அதற்கு அவர் தரும் விலை என்ன? அதனால் நாட்டுக்குக் கிடைப்பது என்ன? இக்கேள்விகளுக்கு இந்திய வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அமைச்சரவையில் ஒரு விடியற்காலை

நீதிமன்றத்தில் நிலவிய மௌனம் அமைச்சரவையில் தொடங்கியது. 1975 ஜூன் 12-ஆம் தேதி, அன்றைய பிரதமர் இந்திரா காந்தி ரேபரேலி தொகுதியில் பெற்ற வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜகமோகன்லால் சின்ஹா தீர்ப்பளித்தார். ஜூன் 25-ஆம் தேதி இரவு, குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அமைச்சரவை அதற்கு முன்னர் கூடவில்லை. மறுநாள் அதிகாலையில்தான் அமைச்சர்கள் அழைக்கப்பட்டனர். அதற்குள் எதிர்க்கட்சித் தலைவர்கள் கைது செய்யப்பட்டிருந்தனர். தில்லியில் நாளிதழ் அலுவலகங்கள் நிறைந்த பகதூர் ஷா ஜாபர் சாலையில் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தது.

கையெழுத்தாகி முடிந்த ஆணைக்கு ஒப்புதல் தருவதே அமைச்சர்களின் வேலையாக இருந்தது. அவர்களுள் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர்களும் நீண்ட நிர்வாக அனுபவம் பெற்றவர்களும் இருந்தனர். ஸ்வரண் சிங் மட்டுமே ஓரிரு ஐயங்களை மென்மையாக எழுப்பினார் என்று அக்காலத்தைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்துள்ளனர். எவரும் பதவி விலகவில்லை.

ஆளுங்கட்சிக்குள் மாறுபட்டுப் பேசியவர்களுக்கு நேர்ந்த கதியும் அவர்கள் கண்முன் இருந்தது. காங்கிரஸ் செயற்குழு உறுப்பினராகவே இருந்த சந்திரசேகர் அன்றைய தினமே கைது செய்யப்பட்டார். பத்திரிகைகளுள் பெரும்பாலானவை தணிக்கைக்குப் பணிந்தன. தலையங்கத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு எதிர்ப்பைத் தெரிவித்தவை மிகச் சில.

இவர்கள் எல்லோரும் கொடியவர்களாக இருந்ததால் இது நிகழ்ந்தது என்று கூறிவிட்டால் பாடம் எளிதாகிவிடும். உண்மை அவ்வளவு எளிதன்று. ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார், அடுத்தவர் பேசவில்லை என்பதால் அவருக்கு உடன்பாடு என்று கொண்டார், தாமும் பேசாதிருந்தார். உள்ளுக்குள் பலருக்கும் ஐயம் இருந்தும் வெளியே ஒருமித்த முடிவாக அது தோன்றியது. கூட்டாகச் சேர்ந்து சிந்திக்க மறுக்கும் இந்நிலையை அமெரிக்க உளவியலாளர் இர்விங் ஜானிஸ் 1972-இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார். அதற்கு அடுத்த மூன்றே ஆண்டுகளில் தில்லி அதை நடத்திக் காட்டியது.

ஒரு கேள்வி, ஒரு பதில்

நெருக்கடி நிலைக் காலத்தில் மிசா சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 35,000 பேர் என்று பின்னர் ஷா கமிஷன் கணக்கிட்டது. 1975 ஜூன் 27-இல் பிறப்பிக்கப்பட்ட குடியரசுத் தலைவர் ஆணை, அரசியல் சாசனத்தின் 14, 21, 22 ஆகிய பிரிவுகள் தரும் உரிமைகளுக்காக நீதிமன்றத்தை நாடுவதைத் தடை செய்தது. 21-ஆவது பிரிவு, சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறையின்றி எவரது உயிரையும் உடல் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பதாகும்.

ஆயினும் கைதிகளின் உறவினர்கள் நாடெங்கும் உயர் நீதிமன்றங்களில் ஆட்கொணர்வு மனுக்களைத் தாக்கல் செய்தனர். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அம்மனுக்களை விசாரிக்கத் தமக்கு அதிகாரம் உண்டு என்று கூறின. பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் வழக்கில் அவ்வாறு தீர்ப்பளித்த தில்லி உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவருள், எஸ். ரங்கராஜன் குவாஹாட்டிக்கு மாற்றப்பட்டார். கூடுதல் நீதிபதியாக இருந்த ஆர்.என். அகர்வால் மீண்டும் மாவட்ட நிலைக்கே அனுப்பப்பட்டார். 1976-இல் உயர் நீதிமன்ற நீதிபதிகள் 16 பேர் இடமாற்றம் செய்யப்பட்டனர்.

இந்த ஒன்பது தீர்ப்புகளையும் எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்தது. சட்ட வரலாற்றில் ஜபல்பூர் வழக்கு என்று குறிக்கப்படுவது இதுவே. கைதிகள் தரப்பில் சாந்தி பூஷண், வி.எம். தார்க்குண்டே, சோலி சொராப்ஜி முதலானோர் வாதாடினர். அரசுத் தரப்பில் அட்டர்னி ஜெனரல் நீரேன் டே வாதாடினார்.

விசாரணையின்போது கன்னா ஒரு கேள்வி கேட்டார். 21-ஆவது பிரிவில் சுதந்திரம் மட்டுமின்றி உயிரும் குறிப்பிடப்பட்டுள்ளது. அவ்வாறெனில் சொந்தப் பகையின் காரணமாக ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றுவிட்டாலும் நீதிமன்றத்தில் பரிகாரம் கிடையாதா என்பதே அவர் கேள்வி. நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்று நீரேன் டே பதிலளித்தார். இது நீதிபதிகளின் மனசாட்சியையும் தம் மனசாட்சியையும் உலுக்கக்கூடும். ஆனால் தம் வாதத்தின் முடிவு அதுவே என்றும் அவர் ஒப்புக்கொண்டார்.

அந்தப் பதிலைக் கேட்ட பிறகும், மனித உரிமைகளைப் பற்றி முன்பெல்லாம் உரக்கப் பேசிய சக நீதிபதிகள் வாய் திறவாமல் அமர்ந்திருந்தது தமக்கு வியப்பளித்ததாகக் கன்னா தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். அந்த மௌனம் நல்ல அறிகுறியாக அவருக்குத் தோன்றவில்லை.

கன்னாவின் கேள்வி வெறும் கற்பனையன்று. அந்த வழக்கு நிலுவையில் இருந்தபோதே, 1976 மார்ச் 1-ஆம் தேதி, கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைக் கேரள போலீஸார் பிடித்துச் சென்றனர். கக்கயம் முகாமில் அவர் சித்திரவதைக்கு உள்ளாகி இறந்தார். மகன் எங்கே என்று அவருடைய தந்தை ஈச்சர வாரியர் அதிகாரிகளிடமும் அமைச்சர்களிடமும் அலைந்தார். நெருக்கடி நிலை விலக்கப்பட்ட பிறகே, 1977 மார்ச் இறுதியில், அவரால் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்ய முடிந்தது. அந்த வழக்கின் விளைவாக முதல்வர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. மகனின் உடல் மட்டும் கடைசிவரை தந்தைக்குக் கிடைக்கவில்லை.

தமிழகத்திலும் அதே காலத்தில் அதுவே நடந்தது. 1976 ஜனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதும் அக்கட்சியினர் நூற்றுக்கணக்கில் மிசாவில் கைதாயினர். சென்னை மத்திய சிறையில் அவர்கள் கடுமையாகத் தாக்கப்பட்டனர். முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் உயிரிழந்தார். சிறைக்குள் நடந்தவற்றை நீதிபதி இஸ்மாயில் கமிஷன் பின்னர் விசாரித்துப் பதிவு செய்தது. சென்னைச் சிறையில் தடிகள் சுழன்ற சில வாரங்களிலேயே தில்லித் தீர்ப்பு வெளியாயிற்று. அதில் நீதிபதி பேக், கைதிகள் நன்கு பராமரிக்கப்படுகின்றனர், அரசு அவர்கள்பால் காட்டும் அக்கறை ஏறத்தாழத் தாயன்பைப் போன்றது என்ற பொருள்பட எழுதியிருந்தார். கைதியின் குரல் நீதிமன்றத்தை எட்டும் ஒரே வழியை மூடிவிட்டு, உள்ளே நலமாக இருக்கிறார்கள் என்று சான்றும் அளித்தது அத்தீர்ப்பு.

கன்னா எழுதியது

கன்னாவின் வாதம் எளிமையானது. உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமை 21-ஆவது பிரிவால் பிறந்ததன்று. அரசியல் சாசனம் எழுதப்படுவதற்கு முன்னரும், சட்டத்தின் அதிகாரமின்றி எவரையும் அடைத்து வைக்க இந்நாட்டில் இடமிருந்ததில்லை. ஆகவே அந்தப் பிரிவை நிறுத்தி வைத்துவிட்டதால் சட்டத்தை மீறும் உரிமை அரசுக்கு வந்துவிடாது. உயிரின் புனிதத்தை ஏற்காவிட்டால், சட்டத்தின் ஆட்சிக்கும் சட்டமற்ற நிலைக்கும் வேறுபாடே இல்லாமல் போய்விடும்.

நாடு சட்டத்தின் மூலம் பேசுகிறதா, இல்லையா என்பதே அவர் முன் இருந்த பிரச்சினை. கைதிகள் நல்லவர்களா, அவர்களுடைய அரசியல் சரியா என்பதை அவர் ஆராயவில்லை. நெருக்கடி நிலை தேவையா என்றும் விவாதிக்கவில்லை. மாறுபட்ட தீர்ப்பு என்பது எதிர்காலத்தின் அறிவுக்கு விடுக்கும் முறையீடு என்ற அமெரிக்கத் தலைமை நீதிபதி சார்லஸ் இவான்ஸ் ஹியூஸின் கருத்தைச் சுட்டிக்காட்டி அவர் தம் தீர்ப்பை முடித்தார்.

அவர் முன் ஒரு முன்னுதாரணமும் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-இல், பிரிட்டனில் விசாரணையின்றி அடைக்கப்பட்ட லிவர்சிட்ஜ் என்பவரின் வழக்கு பிரபுக்கள் சபையின் முன் வந்தது. அங்கும் தீர்ப்பு நான்குக்கு ஒன்று என்றே பிரிந்தது. தனித்து நின்றவர் அட்கின் பிரபு. அவர் கூறியதே சரி என்பதைப் பிரிட்டிஷ் நீதித்துறை ஏற்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

விலை அறிந்தே எடுத்த முடிவு

கன்னா கிளர்ச்சிக்காரர் அல்லர். 1912-இல் அமிர்தசரஸில் பிறந்து, மாவட்ட நீதித்துறையிலிருந்து படிப்படியாக உயர்ந்த, அடக்கமாகப் பேசும் பழமைப் பாங்கான நீதிபதி அவர். தனித்து நிற்பதால் என்ன நேரும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

1973 ஏப்ரல் 24-இல் கேசவானந்த பாரதி வழக்கில், அரசியல் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று ஏழுக்கு ஆறு என்ற விகிதத்தில் தீர்ப்பு வந்தது. அந்தப் பெரும்பான்மையைத் தீர்மானித்தது கன்னாவின் கருத்தே. மறுநாளே, அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்த ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரே தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். மூவரும் பதவி விலகினர். ஆகவே 1976-இல் அந்த ஐவருள் எவருக்கும் விலை தெரியாமல் இருந்திருக்க வழியில்லை.

தீர்ப்பு வெளியாவதற்கு முன் கன்னா குடும்பத்தாருடன் ஹரித்துவார் சென்றிருந்தார். தாம் எழுதி வைத்திருக்கும் தீர்ப்பு தமக்குத் தலைமை நீதிபதி பதவியை இழக்கச் செய்யும் என்று கங்கைக் கரையில் தம் சகோதரியிடம் அவர் கூறியதாகச் சுயசரிதை தெரிவிக்கிறது. தீர்ப்பு வெளிவந்த இரண்டாம் நாள், இந்தியாவில் சுதந்திரம் மீளும்போது கன்னாவுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்படும் என்று நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதியது.

1977 ஜனவரியில் அவர் சொன்னது நடந்தது. அவருக்கு இளையவரான பேக் தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். கன்னாவுக்கு எஞ்சியிருந்த பதவிக் காலம் ஆறு மாதத்துக்கும் குறைவு என்று காரணம் கூறப்பட்டது. அவர் உடனே பதவி விலகல் கடிதம் அனுப்பினார்.

துணிவு என்பது திடீரெனப் பொங்கி எழும் வீரம் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. கன்னாவிடம் காணப்படுவது வேறு. எல்லோரும் தவிர்த்த மிக எளிய கேள்வியை அவர் கேட்டார். கிடைத்த பதிலை மறக்க மறுத்தார். இழக்கப் போவது என்ன என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, இழக்கலாம் என்று முடிவு செய்தார். பிறகு மறுப்பைக் காரணங்களோடு எழுதி வைத்தார். இந்த வரிசையில் நடந்தால் அச்சம் முற்றிலும் அகலாது. ஆனால் முடிவெடுக்கும் நேரத்தில் அச்சத்துக்கு வேலை குறைந்துவிடும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த அமர்வில் அவர் தனியராக இருந்தாரேயன்றி நாட்டில் தனியராக இல்லை. அவருக்கு முன்னரே ஒன்பது உயர் நீதிமன்றங்களின் நீதிபதிகள் அதையே கூறி, அதற்கான தண்டனையையும் ஏற்றிருந்தனர். தனிக்குரல் என்று வரலாறு குறிப்பவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் இத்தகைய பல சிறு குரல்கள் உண்டு.

முதல் மறுப்பின் பலம்

அறைக்குள் அமர்ந்து முடிவெடுக்கும் குழுவும் தெருவில் திரளும் கும்பலும் ஒன்றல்ல. எனினும் இரண்டையும் இயக்கும் விசையில் ஓர் ஒற்றுமை உண்டு. சுற்றியுள்ள அனைவரும் இதையே விரும்புகின்றனர், தாம் தடுத்துப் பயனில்லை என்ற நம்பிக்கையே அந்த விசை.

அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் நடத்திய சோதனை இதை விளக்குகிறது. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய கேள்விக்கு, அறையிலிருந்த மற்றவர்கள் முன்னரே பேசி வைத்துக்கொண்டு தவறான விடை சொன்னார்கள். சோதனைக்கு உள்ளானவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தடவைகளில், கண்ணால் கண்டதை விட்டுவிட்டு அந்தத் தவறான விடையையே சொன்னார்கள். ஆனால் அறையில் வேறொருவர் மட்டும் சரியான விடையைச் சொன்னபோது, அவ்வாறு பணிவது நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஒருவர் போதும் என்பதே அச்சோதனையின் சாரம்.

1984 நவம்பர் முதல் வாரத்தில் தில்லித் தெருக்களில் இதற்கான குரூரமான சான்று கிடைத்தது. இந்திரா காந்தி படுகொலையைத் தொடர்ந்து தலைநகரில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அதிகாரப்பூர்வக் கணக்கு கூறுகிறது. பல இடங்களில் போலீஸார் வேடிக்கை பார்த்தனர்; சில இடங்களில் கும்பலுக்கே துணை நின்றனர். கடமை தவறிய போலீஸார் என 72 பேரைப் பின்னர் குசும் லதா மித்தல் குழு அடையாளம் காட்டியது.

அதே நவம்பர் 1-ஆம் தேதி, சாந்தினி சௌக்கில் உள்ள சீஸ்கஞ்ச் குருத்வாராவையும் கும்பல் சூழ்ந்தது. பிறருடைய சமய உரிமைக்காகக் குரு தேக் பகதூர் 1675-இல் தலை கொடுத்த இடம் என்று சீக்கியர்கள் போற்றும் தலம் அது. வடக்கு மாவட்டக் கூடுதல் துணை ஆணையராக இருந்த மேக்ஸ்வெல் பெரைரா, கையிலிருந்த சிறு படையுடன் அங்கு நின்றார். துப்பாக்கிச் சூட்டுக்கு உத்தரவிட்டுக் கும்பலைக் கலைத்தார். குருத்வாரா காப்பாற்றப்பட்டது. அதே நகரம், அதே காவல்துறை, அதே நாள். ஓர் அதிகாரி கடமையைச் செய்தார் என்பதே வேறுபாடு. அவ்வாறே பல குடியிருப்புகளில் இந்துக்கள் இரவு முழுவதும் காவலிருந்து அண்டை வீட்டுச் சீக்கியரைக் காத்தனர். தங்கள் வீடுகளில் மறைத்து வைத்தனர்.

2018 மே மாதம் உத்தரகண்ட் மாநிலம் ராம்நகர் அருகே ஒரு கோயில் வாயிலில், இந்துப் பெண்ணுடன் வந்திருந்த முஸ்லிம் இளைஞர் ஒருவரைக் கும்பல் சூழ்ந்து தாக்க முயன்றது. சீக்கியரான இளம் உதவி ஆய்வாளர் அந்த இளைஞரைத் தம் உடலோடு அணைத்துக்கொண்டு, அடிகளைத் தாம் வாங்கியபடி வெளியே அழைத்து வந்தார். அதன் பிறகு அவருக்கு மிரட்டல்கள் வந்தன. அதே மாதம் தமிழகத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில், குடும்பத்தாருடன் கோயிலுக்குச் சென்ற சென்னையைச் சேர்ந்த மூதாட்டி குழந்தை கடத்த வந்தவர் என்ற வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் அதே வதந்தி ஐவரின் உயிரைக் குடித்தது. இவ்விடங்களில் கும்பலின் முன் குறுக்கே நின்று தடுக்கப் போதிய எவரும் உரிய நேரத்தில் இல்லை.

வீரர்களை மட்டும் நம்பலாமா?

தனித்து நிற்போர் எல்லோரும் சரியானவர்கள் என்று கொள்ளவும் இடமில்லை. கூட்டத்துக்கு மாறாகப் பேசுவதையே தொழிலாகக் கொண்டவர்களும் உண்டு. ஒருவரின் மறுப்பில் உண்மை இருக்கிறதா என்று அறிய இரண்டு கேள்விகள் உதவும். அவர் தம் மறுப்புக்குக் காரணம் கூறுகிறாரா? அதற்கான விலையைத் தாமே தருகிறாரா, பிறர் தலையில் சுமத்துகிறாரா? கன்னா இரண்டு கேள்விகளுக்கும் விடை தந்துவிட்டே பதவியை விட்டார்.

ஆயினும் நூற்றில் ஒருவர் வீரராக இருப்பார் என்ற நம்பிக்கையில் ஒரு நாடு நடக்க முடியாது. சாதாரண மனிதரும் மறுத்துப் பேச ஏதுவாக அமைப்புகள் இருக்க வேண்டும். நெருக்கடி நிலை அனுபவத்துக்குப் பின், 1978-இல் நிறைவேறிய 44-ஆவது திருத்தம் இதைப் புரிந்துகொண்டது. அமைச்சரவையின் முடிவு எழுத்து மூலம் கிடைத்தாலன்றிக் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவிக்க முடியாது என்று அது விதித்தது. எந்த நெருக்கடியிலும் 20, 21 ஆகிய பிரிவுகளை நிறுத்தி வைக்க முடியாது என்றும் கூறியது. கன்னா தனியாகக் கூறிய கருத்து இரண்டே ஆண்டுகளில் அரசியல் சாசனத்தின் பாதுகாப்பாயிற்று.

கும்பல் கொலைகளைத் தடுக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத பொறுப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 ஜூலை 17-இல் உத்தரவிட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, இனம், சாதி முதலிய காரணங்களுக்காக ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து செய்யும் கொலைக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை விதிக்கிறது. 'யார் அடித்தார் என்று தெரியாது' என்ற கும்பலின் பழைய தப்பிக்கும் வழியை அடைக்கும் முயற்சி இது. ஆனால் களத்தில் நிற்கும் காவலர் சட்டப்படி நடந்தால் மேலிடம் தம்மைக் கைவிடாது என்று நம்பினால்தான் இச்சட்டம் உயிர்பெறும்.

எதிர்த்திசையில் செல்லும் ஏற்பாடுகளும் உண்டு. 1985-இல் கொண்டுவரப்பட்ட கட்சித் தாவல் தடைச் சட்டம், பதவிக்காகக் கட்சி மாறுவோரைத் தடுக்கும் நோக்கம் கொண்டது. ஆனால் அதன் கீழ், கொறடாவின் உத்தரவை மீறி மனசாட்சிப்படி வாக்களிக்கும் உறுப்பினரும், விலைபோன உறுப்பினரும் ஒரே தண்டனையைப் பெறுகின்றனர். மறுத்து வாக்களித்தால் பதவியே போகும் என்ற அவையில் 1975 ஜூன் மாதத்து மௌனம் மீண்டும் குடியேறுவது கடினமன்று. அரசைக் கவிழ்க்கும் வாக்கெடுப்புகளைத் தவிர மற்றவற்றில் உறுப்பினர்களைச் சுதந்திரமாக விட வேண்டும் என்ற யோசனை நெடுநாளாகப் பேசப்பட்டும் கட்சிகள் எவையும் அதில் அக்கறை காட்டவில்லை.

தீர்ப்பின் மீது தீர்ப்பு

ஜபல்பூர் தீர்ப்பில் பெரும்பான்மைப் பக்கம் நின்றவர்களுள் பகவதி, பின்னாளில் பொதுநல வழக்குகளின் தந்தை என்று போற்றப்பட்டவர். ஏழைகள் அனுப்பிய அஞ்சலட்டையையும் மனுவாக ஏற்றவர். 2011-இல் அவர் அந்தத் தீர்ப்பு தவறு என்று வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். கொள்கைப் பற்றும் கல்வியும் இரக்கமும் நிறைந்தவரும் ஒரு தருணத்தில் கூட்டத்தோடு சேர்ந்துவிடக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வரும் வருத்தம் மதிக்கத்தக்கதே. ஆனால் 1976-இல் சிறையில் இருந்தவருக்கு அதனால் பயனில்லை.

கன்னா பின்னர் சட்டக் கமிஷன் தலைவராகப் பணியாற்றினார். 1982 குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக நின்று ஜெயில் சிங்கிடம் தோற்றார். அவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் அமர்ந்து தீர்ப்பளித்த இரண்டாம் எண் நீதிமன்ற அறையில் அவரது உருவப்படம் வைக்கப்பட்டது. 2008 பிப்ரவரியில் அவர் காலமானார்.

2017 ஆகஸ்ட் 24-இல், அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதில் ஜபல்பூர் தீர்ப்பு மிகத் தவறானது என்று கூறி அது நீக்கப்பட்டது. கன்னாவின் கருத்தே சரியென ஏற்கப்பட்டது. அதை எழுதியவர் நீதிபதி டி.ஒய். சந்திரசூட், 1976-இல் பெரும்பான்மைப் பக்கம் நின்ற ஒய்.வி. சந்திரசூட்டின் மகன். கன்னாவின் சகோதரர் மகன் சஞ்சீவ் கன்னா 2024 நவம்பரில் தலைமை நீதிபதியாகப் பொறுப்பேற்று, 2025 மே மாதம் ஓய்வு பெற்றார்.

நாற்பத்தொரு ஆண்டுகள் கழித்து நீதிபதிகள் ஒரு தவறைத் திருத்த முற்பட்டபோது, எதை எழுதுவது என்று அவர்கள் தேட வேண்டியிருக்கவில்லை. அது அதே தீர்ப்பின் பக்கங்களில், காரணங்களோடும் கையெழுத்தோடும் காத்திருந்தது. ஐவரும் அன்று ஒரே குரலில் பேசியிருந்தால் அந்தப் பக்கங்கள் இருந்திரா. அமைச்சரவையிலும் கட்சிக் கூட்டத்திலும் காவல் நிலையத்திலும் ஊர்ப் பஞ்சாயத்திலும், எல்லோரும் கை தூக்கும்போது தூக்காதிருக்கும் ஒரு கை அன்றைய முடிவை மாற்றாமல் போகலாம். பின்னாளில் அந்த முடிவை மாற்ற விரும்புவோர் பற்றிக்கொள்ள அந்தக் கை ஒன்றுதான் இருக்கும்.